மேற்குக் கரைக்கு ஒரு தட்டு

அமிர்தவல்லியின் கையை நம்பி செஞ்சியில் பாதிப் பேர் சட்டைக் கையைச் சுருட்டுவார்கள். திண்டிவனம் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. நரம்பு தட்டுப்படாத குண்டுக் கை, ஊசியைப் பார்த்ததும் அலறுகிற பிள்ளையின் கை, தோல் சுருங்கித் தொங்குகிற கிழட்டுக் கை, எதுவானாலும் ஒரே குத்துதான். "அந்த ஒசரமான பொண்ணு இருக்குதா? அது இருந்தாத்தான் வருவேன்" என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்டுக்கொண்டு மாதாமாதம் வருகிறவர்களில் ஆதிமூலமும் ஒருவர். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்காரர். அவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமிர்தவல்லிக்கு முப்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்க அவளுடைய சொந்தக்காரர்களே ஒரு பஸ் நிறைய இருக்கிறார்கள், நாம் வேறு எதற்கு? அவளுடைய கவலை அது இல்லவே இல்லை. காலையில் ஊசி பிடிக்கிற அதே கை சாயங்காலம் தட்டு எறியும். எறிகிற தட்டு தூரம் போக மாட்டேன் என்கிறது. அதுதான் அவளுடைய கவலை.

டிஸ்க் கோல்ஃப் என்று அந்த ஆட்டத்துக்குப் பேர். பணக்காரர்கள் பச்சைப் புல்லில் நின்று பந்தைக் குச்சியால் அடித்துக் குழிக்குள் தள்ளுகிறார்களே, அந்த ஆட்டத்தின் ஏழைத் தங்கச்சி இது. பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில் கம்பத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எவ்வளவு குறைந்த எறியில் தட்டைக் கூடைக்குள் சேர்க்கிறோமோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம். பாண்டிச்சேரியில் லேப் படிப்பு படித்தபோது, ஹாஸ்டல் தோழிகளோடு கடலோரச் சவுக்குத் தோப்புக்குப் போய் அங்கே கற்றுக்கொண்டாள். படிப்பு முடிந்தும் ஆட்டம் விடவில்லை. வருஷா வருஷம் மாசி மாதம் அந்தத் தோப்பில் ஒரு போட்டி நடக்கும், பஸ் பிடித்துப் போய்விடுவாள்.

கிட்ட இருந்து எறிவதில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது. கூடை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் தட்டு சங்கிலியில் போய் விழுகிற சத்தம்தான் கேட்கும். தூரத்தில்தான் தகராறு. மற்றவர்கள் இரண்டு எறியில் போய்ச் சேர்கிற இடத்துக்கு இவளுக்கு மூன்று தேவைப்படும். போன வருஷ மாசியில் கடல் காற்று எதிரே அடித்தது. அவள் எறிந்த தட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று யோசித்து, அவளை நோக்கியே திரும்பி வந்தது. கூட ஆடியவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்த வருஷம் அவள்தான் கடைசி. தட்டு சரியில்லை என்று சொல்லிப் புதுத் தட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

செஞ்சி டவுன் முடிந்து வல்லம் பக்கம் திரும்புகிற இடத்தில் ஒரு ஏரி இருக்கிறது. பெயர் வேண்டாம். சொன்னால், எங்கள் ஏரியில் அப்படியெல்லாம் கிடையாது என்று நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். கிழக்கே ஒரு பாறைக் குன்று. அங்கிருந்து இறங்குகிற தண்ணீர் மேற்குக் கரையில் முட்டி நிற்கும். அதனால் மேற்குக் கரை நல்ல உயரம். அதன் மேல் ரோடு, மதகு, ஒரு அம்மன் கோயில், ஆதிமூலத்தின் மோட்டார் கொட்டாய். கரைக்கு அந்தப் பக்கம் ஊர். கிழக்கே, குன்றின் அடியில், காலனி. அமிர்தவல்லியின் வீடு காலனியில். ஆடிக் காற்று ராஜகிரி மலையைத் தாண்டி மேற்கேயிருந்து வரும். முதலில் ஊரைத் தொடும், பிறகு ஏரியை, கடைசியில்தான் காலனியை. எவனோ ஒருவன் ஏதோ ஒரு காலத்தில் இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்துத்தான் யாருக்கு எங்கே வீடு என்று பிரித்திருக்கிறான்.

கரை ரோட்டில் யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். காலனிக்காரர்கள் நிற்கத்தான் கூடாது. வறண்ட ஏரியில் காலனிப் பிள்ளைகள் அடிக்கிற பந்து கரை மேல் போய் விழுந்தால், ஏறி எடுக்கக் கூடாது. கீழே நின்று, "அண்ணே, பந்து!" என்று கேட்க வேண்டும். மேலே இருக்கிறவருக்கு மனசு வந்தால் காலால் தட்டிவிடுவார். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் இது. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போடலாம்.

அமிர்தவல்லியின் அப்பா பொன்னுசாமி ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். முதுகு போன பிறகு அதே மில்லில் வாட்ச்மேன். பழைய டி.வி.எஸ். வண்டி ஒன்று வைத்திருக்கிறார். கரை ரோட்டின் முனை வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, மறு முனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போவார். இப்போது யாரும் அவரை இறங்கச் சொல்வதில்லை. ஒரு காலத்தில் சைக்கிளில் போனவரைச் சொல்லியிருக்கிறார்கள். அது போதுமானதாக இருந்தது. அமிர்தவல்லி தன் ஸ்கூட்டரில் அவரை முந்திக்கொண்டு போவாள். "குந்து நைனா, நான் ஓட்றேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். "நீ போ கண்ணு, கால் மரத்துப் போயிருக்குது, நடந்தா நல்லது" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

போன ஆடியில் அமிர்தவல்லி அந்தக் கரை மேல் நின்று எறிந்து பழக ஆரம்பித்தாள். லேபில் ரிசப்ஷனில் உட்காருகிற பூங்குழலிக்கு வீடு கரையை ஒட்டி, ஊர்ப் பக்கம். அவள் போனில் வீடியோ எடுப்பாள். முதுகில் காற்று, காலுக்குக் கீழே உயரம். தட்டு சும்மா மிதந்து மிதந்து ஏரி முழுக்கத் தாண்டி, காலனி வேப்ப மரம் வரைக்கும் போனது. அங்கே பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அமிர்தவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாசியில் தோப்பில் எல்லாரையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மோட்டார் கொட்டாயிலிருந்து ஆதிமூலம் வந்தார். லேபுக்கு வந்தால் இதே மனிதர் அவளைப் "பாப்பா" என்பார். "பாப்பா கை பட்டா வலியே தெரியாது" என்று மற்றவர்களிடம் சர்டிபிகேட் வேறு கொடுப்பார். கரை மேல் அவருக்கு வேறு வாய்.

"ஏ பொண்ணு, இன்னா இது?"

"தட்டு வுட்டுப் பழகறேங்க ஐயா."

"அதெல்லாம் ஒங்க பக்கம் வெச்சிக்கக் கூடாதா? கோயிலு இருக்கிற எடம். ஷூவும் பேண்ட்டுமா வந்து நின்னுக்கினு..."

"அதோ அந்தப் பசங்களும் ஷூ போட்டுக்கினுதான் ஆடறாங்க."

"அது ஊர்ப் பசங்க."

இதற்கு மேல் விளக்கம் எதற்கு? பூங்குழலி போனை இறக்கினாள். ஆதிமூலம் திரும்பிப் போகிறவர் போனால் தேவலை. நின்று ஒன்று சொன்னார்: "கரை மேல நின்னு காத்து போற பக்கம் வுட்டா எவ வுட்டாலும் பறக்கும். கீழ எறங்கி எதிர்ல வுட்டுப் பாரு, ஒன் வண்டவாளம் தெரியும்."

அடுத்த நாள் கிழக்கே, காலனி வேப்ப மரத்தடியில் நின்று எதிர்க் காற்றில் எறிந்தாள். தட்டு மூக்கைத் தூக்கியது, மேலே ஏறியது, நின்றது, அவள் தலைக்கு மேலேயே திரும்பி வந்து பின்னால் ஒரு வீட்டு ஓலைச் சார்ப்பில் விழுந்தது. முந்தின நாள் விசில் அடித்த பிள்ளைகளே இப்போது சிரித்தார்கள். கரை மேலிருந்தும் சிரிப்புக் கேட்டது. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆள் சொன்னது உண்மை என்பதுதான் அவளைச் சுட்டது. தோப்பில் கடல் காற்று சொன்னதும் இதைத்தான். அன்றைக்கு அவள் தட்டைப் பழி சொல்லித் தப்பித்துவிட்டாள். இப்போது பழி சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"வேணாம் கண்ணு" என்றார் பொன்னுசாமி, சோற்றைப் பிசைந்துகொண்டே. "வெளையாட்டுதான, வேற எங்கனா போய் ஆடிக்கலாம். அவங்களாண்ட எதுக்கு?"

"வேற எங்கயும் போவ மாட்டேன் நைனா."

அந்த வாரமே ஆதிமூலம் வெறும் வயிற்றோடு லேபுக்கு வந்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "இன்னா பாப்பா, தட்டு எப்டிப் பறக்குது?" என்று சிரித்தார். அமிர்தவல்லி அவர் கையில் ரப்பர் பட்டையை இறுக்கினாள். விரலால் தடவி நரம்பைக் கண்டுபிடித்தாள்.

"ஐயா, ஒண்ணு சொல்றேன். கைய மூடிக்கங்க. இனிமே நான் கரை மேல ஏற மாட்டேன். வேலைக்குக்கூட மெயின் ரோடு சுத்திதான் வருவேன். ஆனா அடுத்த ஆடி முடியறதுக்குள்ள, எங்க பக்கத்துலேர்ந்து, எதிர்காத்துல என் தட்டு ஒங்க கரைக்கு வரும். அது வந்து வுழற அன்னிக்கு அத எடுக்க நானே ஏறி வருவேன். கீழ நின்னு கேக்க மாட்டேன்."

"வரலன்னா?"

"வரலன்னா ஏரிப் பக்கமே கால் வெக்க மாட்டேன். கைய வுடுங்க, முடிஞ்சிது."

கோபத்தில் ஊசியை ஒரு இழை ஆழமாக இறக்கியிருப்பாள் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். எப்போதும் போல ஒரே குத்து, வலிக்காத குத்து. அவளுக்குத் தன் கை மேல் அவ்வளவு மரியாதை இருந்தது. ஆதிமூலம் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க விஷயம் பரவிவிட்டது.

தூரம் எங்கே தொலைந்து போகிறது என்று கண்டுபிடித்தது பூங்குழலி. மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் இரண்டு பேரும் போன் வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். கை போகிறது, தோள் போகிறது, எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பூங்குழலி திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி அமிர்து, வரிசத் தட்டு தூக்கற மாரியே புடிக்கிற?"

அமிர்தவல்லிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு இன்னொரு தடவை பார்த்தாள். உண்மை. குடும்பத்தில் உயரமான பெண் என்று சின்ன வயதிலிருந்தே எந்தக் கல்யாணமானாலும், எந்த மஞ்சள் நீராட்டானாலும் வரிசைத் தட்டோடு முன்னால் நடக்கவிடுவது அவளைத்தான். பழமும் வெற்றிலையும் சரிந்து விழாமலிருக்க, தட்டின் முன் விளிம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். விழுந்தால் அத்தைகள் உயிரை எடுத்துவிடுவார்கள். அந்தப் பயம் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்து இத்தனை வருஷம் கழித்தும் இறங்கவில்லை. எறிகிற தட்டிலும் முன் விளிம்பு மேலே தூக்கிக்கொண்டே போனது. பின்னாலிருந்து காற்றடித்தால் அந்தத் தப்பு மறைந்து, தட்டு மிதந்து போகும். எதிர்க் காற்றுக்கோ அது போதும், அடியில் புகுந்து தூக்கி எறிந்துவிடும்.

தப்பு தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார்கள் வீடியோக்களில் வகுப்பெடுக்கிறவர்கள். சுத்தப் பொய். தெரிந்த பிறகுதான் வேலையே ஆரம்பித்தது. முன் விளிம்பைத் தாழ்த்து என்று மனசு சொல்லும், மணிக்கட்டு கேட்காது. பழம் சரிந்துவிடும் என்று அதற்கு இன்னும் பயம். கடைசியில் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நினைத்துக்கொண்டாள். ஊற்றும்போது மணிக்கட்டு தானாக இறங்குகிறதே, அதே இறக்கம். வாசல் தெளிக்கும்போதும், பல் தேய்க்கும்போதும், கஞ்சி ஊற்றும்போதும் அதையே கவனித்தாள். பொன்னுசாமி தன் மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்.

அடுத்த சங்கதி இடுப்பு. தூரம் கையில் இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கையை வீசினால் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம். வலது காலை முன்னால் அழுத்தி ஊன்ற வேண்டும். முதலில் இடுப்பு திரும்பும், அது தோளை இழுக்கும், தோள் கையை இழுக்கும். தட்டு நெஞ்சை உரசினாற்போல நேர்கோட்டில் வந்து கடைசி நொடியில்தான் வேகம் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் முன்கூட்டியே செலவாகிப் போகும். லேபில் ரத்தம் எடுத்த டியூப்களைப் போட்டுச் சுழற்றுகிற மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் அவள் பக்கத்தில் நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பழகினாள். ரிப்போர்ட் வாங்க வந்த ஒரு பெரியவர், "இன்னாம்மா, இடுப்புப் புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டு, தைலம் ஒன்றின் பேரும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் மழை பிடித்து ஏரி நிறைந்தது. காலனிப் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டு, தார்ப்பாயைக் கட்டி, அதில் எறிந்தாள். தட்டு தார்ப்பாயில் அறைகிற சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் திட்டினார்கள். தினமும் மெயின் ரோட்டைச் சுற்றி வேலைக்குப் போனாள். மழை நாளில் அந்த ரோட்டில் லாரிகள் வாரி அடிக்கிற சேறு முழுக்க அவள் சுடிதாரில்தான். கரை வழியாக வந்தால் ஐந்து நிமிஷம். வரவில்லை. அந்த மாசியில் தோப்புப் போட்டிக்குப் போனபோது கடல் காற்றில் தட்டு தடுமாறாமல் போனது. மூன்றாவதாக வந்தாள். ஒரு கோப்பை கொடுத்தார்கள். அதை டி.வி. மேல் வைத்துவிட்டு, ஏரி எப்போது வற்றும் என்று பார்க்க ஆரம்பித்தாள்.

பங்குனியில் ஏரி வற்றியது. வேப்ப மரத்தடியில் நின்று மறுபடி ஆரம்பித்தாள். ஏரிக்கு நடுவே ஒரு மொட்டைப் பனங்கட்டை நிற்கும். முதலில் அதுவரைக்கும் போனது. சித்திரையில் பனங்கட்டையைத் தாண்டியது. வைகாசியில் காற்று பிடித்ததும் பழையபடி பனங்கட்டைக்கே திரும்பியது. அன்று வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டாள். ஓரம் மெல்லிசான தட்டுக்கு எதிர்க் காற்று ஆகாது, கவிழ்த்துவிடும் என்று புரிந்ததும் கனமான தட்டு ஒன்றை வரவழைத்தாள். ஆனியில் அது கரையின் அடியில் அடுக்கியிருக்கிற கற்களில் போய் மோதிக் கீழே விழுந்தது. அதற்கு மேல் ஒரு ஆள் உயரம்தான் மிச்சம். சாயங்காலமானால் கரை மேல் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் சேர்ந்தது. "இன்னிக்கி எது வரிக்கும்?" என்று கீழே கத்திக் கேட்பார்கள். அவள் அடுத்த தட்டை எடுப்பாள். பூங்குழலி மட்டும் கரையிலிருந்து இறங்கி வந்து தட்டுகளைப் பொறுக்கிக் கொடுப்பாள். வீட்டில் அதற்காக அவள் வாங்கிய திட்டு தனிக் கதை.

இதையெல்லாம் கேட்ட ஒரு நல்ல மனிதர், "பார்த்தீர்களா, ஆதிமூலம் விரட்டியதால்தானே அந்தப் பெண் முன்னேறினாள்" என்றார். நல்லா இருக்கிறது நியாயம். பள்ளத்தில் தள்ளிவிட்டவனுக்கு, ஏறக் கற்றுக்கொடுத்த வாத்தியார் என்று மாலையா போட முடியும்? அவளை நிம்மதியாகக் கரை மேல் நிற்கவிட்டிருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் எறிந்து பார்த்து இதையெல்லாம் இன்னும் சீக்கிரம் கற்றிருப்பாள். சேற்றில் நனையாமலும் கற்றிருப்பாள்.

ஆடியும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் தட்டு கல்லில் மோதி விழுந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை கரை மேல் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கி, வேப்பிலைத் தோரணம், பெரிய அண்டா நிறையக் கூழ், சொம்பும் தூக்குமாக ஊரே அங்கே. அன்றைக்குக் காற்றும் சாதாரணக் காற்று இல்லை, தோரணத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று. இன்று வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று காலனியில் இரண்டு பேர் சொன்னார்கள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினால் ஆடி முடிந்துவிடும், காற்று விழுந்துவிடும், அப்புறம் எறிந்தால் காற்று இல்லாத நாளில் எறிந்தாள் என்பார்கள். அமிர்தவல்லி ஷூவின் கயிற்றை இறுக்கினாள்.

முதல் தட்டைக் காற்று கவிழ்த்து வலது பக்கம் கருவேலம் புதருக்குள் தள்ளியது. இரண்டாவது கல்லில் மோதியது. கரை மேல் யாரோ ஒலிபெருக்கிக்குப் போட்டியாக ஊளையிட்டார்கள். மூன்றாவதாக எடுத்தது அந்தக் கனமான தட்டு, கைவசம் கடைசி. பக்கவாட்டில் நின்றாள். மணிக்கட்டை, சொம்பைச் சாய்க்கிற மாதிரி, இறக்கினாள். அவசரப்படாதே என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். கால் ஊன்றியது, இடுப்பு திரும்பியது, கை தானாக வந்தது. விட்டதுமே தெரிந்துவிட்டது.

தட்டு தாழ்வாகப் போனது. பனங்கட்டையைத் தாண்டும்போதும் தாழ்வாகவே போனது. காற்று அதன் அடியில் நுழையப் பார்த்தது, இடம் கிடைக்கவில்லை. கரைக்கு முன்னால் காற்றே மேலே ஏறுகிற இடத்தில் அதுவும் கூடவே கொஞ்சம் ஏறி, கல்லைத் தாண்டி, கரை ரோட்டில் சறுக்கிக்கொண்டு போய்க் கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு காலனிப் பக்கம் எழுந்த சத்தத்தில் குன்றில் மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடின.

அமிர்தவல்லி வறண்ட ஏரியின் குறுக்கே நடந்தாள். ஓடவில்லை. அவள் கரையின் அடிக்கு வருவதற்குள் ஆதிமூலம் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விளிம்புக்கு வந்துவிட்டார். முகத்தில் சிரிப்பு.

"நல்லாத்தான் வுட்ட. ஒத்துக்கறேன். கீழயே நில்லு பாப்பா, போட்றேன்."

கெட்டிக்கார மனிதர். கரை மேல் முதல் தடவையாகப் பாப்பா என்கிறார். கீழே நின்று அந்தத் தட்டைப் பிடித்துவிட்டால் ஒரு வருஷமும் போயிற்று. அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"போடாதீங்க ஐயா. நான் வரேன்."

மதகுப் படியில் ஏறினாள். ஷூவோடுதான் ஏறினாள். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் முன்னால் வந்தார்கள். பூங்குழலி கூழ்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அமிர்தவல்லியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவள் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை.

"ஊரு மொத்தமும் நிக்கிது பொண்ணே" என்றார் ஆதிமூலம், குரலைத் தாழ்த்தி. சிரிப்பு போய்விட்டது. தட்டை விடவில்லை. "நாளைக்கி எல்லாரும் என்னத்தான் கேப்பாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

"தூரமா வுட்டான்னு சொல்லுங்க."

அந்த நேரத்துக்குத்தான் மில்லிலிருந்து பொன்னுசாமி வந்தார். வழக்கம் போலக் கரை முனையில் இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வந்தவர், கூட்டத்துக்கு நடுவில் தன் மகள் நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றார். ஆதிமூலத்துக்கு உயிர் வந்தது.

"வா பொன்னுசாமி. ஒம் பொண்ணுக்கு நீயே எடுத்துச் சொல்லு. கீழ எறங்கச் சொல்லு, தட்டக் குடுத்துடறேன்."

அமிர்தவல்லி அப்பாவைப் பார்த்தாள். அன்று முழுக்க அவளுக்குப் பயம் வந்தது அந்த ஒரு கணத்தில்தான். ஊரை எதிர்க்க அவளால் முடியும். நைனா 'வேணாம் கண்ணு' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொன்னுசாமி தட்டைப் பார்த்தார். "எங்கேர்ந்து வுட்ட கண்ணு?"

"நம்ம வேப்ப மரத்தாண்டேர்ந்து, நைனா."

அவர் திரும்பி ஏரியைப் பார்த்தார். அந்தக் கரையில் வண்டி தள்ளிய அத்தனை வருஷத்தில் நிமிர்ந்து நின்று அவர் ஏரியைப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அந்தக் கோடியில் வேப்ப மரம் கைப்பிடிச் செடி அளவுக்குத் தெரிந்தது. காற்று அவர் துண்டைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

"இந்தக் காத்துலயா? இம்மாந்தூரமா?"

"ஆமா நைனா."

"குடுத்துடுங்க ஐயா" என்றார் பொன்னுசாமி. "இம்மாந்தூரம் வுட்ட புள்ள, அது மேல வந்துதான் எடுக்கும். கீழல்லாம் எறங்காது."

ஆதிமூலம் சுற்றிலும் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். கூழ் வாங்க நின்றவர்கள் கூழையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை நீட்டினார். மாதாமாதம் அவளிடம் நீட்டுகிற அதே கை. அமிர்தவல்லி தட்டை வாங்கி, ஒட்டியிருந்த மண்ணைச் சட்டையில் துடைத்தாள். அழக் கூடாது என்று வைராக்கியமாக நின்றாள்.

பின்னால் டி.வி.எஸ். வண்டியின் பெடலை மிதிக்கிற சத்தம் கேட்டது. முதல் மிதியில் கிளம்பவில்லை, இரண்டாவதிலும் கிளம்பவில்லை. மூன்றாவதில் புகை கக்கிக்கொண்டு உறுமியது. பொன்னுசாமி ஏறி உட்கார்ந்து சீட்டின் பின்பக்கத்தைக் கையால் தட்டினார்.

"குந்து கண்ணு. வூட்டுக்குப் போலாம்."

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பொன்னுசாமி வண்டியை அணைக்கவில்லை, இறங்கவில்லை, வழி விடுங்க என்று கேட்கவுமில்லை. கோயிலுக்கு நேரே, அண்டாவுக்கு முன்னால், ஆதிமூலத்தின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, நீளமாக ஆரன் அடித்தார்.